99.6 வீதம் போதுமா? ஓமந்தை வெள்ளைக்கல்லும் உயர்தூய குவாட்ஸ் சந்தையும்

வவுனியா மாவட்டத்து ஓமந்தைப் பக்கத்தில் உங்கள் தந்தைவழி வந்த மேட்டுக்காணியைத் துப்புரவாக்கும்போது வெள்ளைக்கல் முண்டுகள் வெளிப்பட்டதாகவும், அவற்றைப் பார்க்க வந்த கொள்வனவாளர் ஒருவர் கல்லை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, ‘சிலிக்கன் ஈரொட்சைட்டு 99.6 வீதம்’ என்ற ஓர் அறிக்கையைக் கொண்டுவந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கணினிச் சில்லுக்கும் சூரியப் பலகைக்கும் வேண்டிய உயர்தூய குவாட்ஸ், அதாவது மிகத் தூய சிலிக்கன் ஈரொட்சைட்டுப் பளிங்குக்கல், இதுதான் என்று சொல்லும் அவர், உழவு இயந்திரப் பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசி, பத்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தமும் கேட்கிறார். கல் உண்மையிலேயே அந்தத் தரத்தைச் சேர்ந்ததா, அந்தத் தரத்துக்கு உலகச் சந்தை எதை எதிர்பார்க்கிறது, பேசப்படும் விலை நியாயமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். நான் வவுனியாவில் வளர்ந்து, பின்னர் பல ஆண்டுகள் கனியப் பதப்படுத்தல் ஆய்வுகூடங்களில் குவாட்ஸோடு வேலைசெய்தவன். இதே கேள்வி வன்னியின் வேறு ஊர்களிலிருந்தும் என்னிடம் வந்திருக்கிறது. ஆகவே சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த 99.6 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். நூற்றில் 0.4 பங்கு வேறு பொருள் என்றால், பத்து இலட்சத்தில் 4,000 பங்கு வேறு பொருள் என்று அர்த்தம். இந்தத் துறையில் மாசுகளை நூற்றில் எவரும் பேசுவதில்லை. மில்லியனில் இத்தனை பங்கு என்று, அதாவது பிபிஎம் கணக்கில்தான் பேசுவார்கள். உயர்தூய குவாட்ஸ் என்று நிலவியலாளர்கள் பரவலாக ஏற்கும் வரையறையில் எல்லா மாசுகளும் சேர்ந்து 50 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது. அதற்குள்ளும் அலுமினியம் 30, தைத்தேனியம் 10, சோடியம் 8, பொற்றாசியம் 8, இலிதியம் 5, கல்சியம் 5, இரும்பு 3, பொசுபரசு 2, போரன் 1 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்சவரம்பு உண்டு. உங்கள் அறிக்கையை அப்படியே நம்பினாலும் அந்தக் கல் வரம்பைப் போல 80 மடங்கு மாசு கொண்டது.

இந்த அளவுகளை மனதில் பிடிப்பது கடினம் என்பதால் நெல்லைக் கொண்டு சொல்கிறேன். நாட்டரிசி நெல்லில் ஆயிரம் மணி ஏறத்தாழ 25 கிராம் நிறுக்கும். அப்படியானால் 70 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 28 இலட்சம் மணிகள் இருக்கும். 50 பிபிஎம் என்பது அந்த மூட்டை முழுவதிலும் 140 பதர். இரும்புக்குரிய 3 பிபிஎம் என்பது எட்டு ஒன்பது பதர். போரனுக்குரிய 1 பிபிஎம் என்பது மூன்று பதருக்கும் குறைவு. 99.6 வீதம் என்பதோ அதே மூட்டையில் 11,000க்கும் மேற்பட்ட பதர். உலகச் சந்தையில் அளவுகோலாகக் கொள்ளப்படும் அயோட்டா என்ற அமெரிக்க மணலின் சாதாரணத் தரத்தில் அலுமினியம் 16, தைத்தேனியம் 1.3, இலிதியமும் சோடியமும் தலா 0.9, பொற்றாசியம் 0.6, இரும்பு 0.23, போரன் 0.08 பிபிஎம் என்பது விற்பனையாளர் வெளியிட்ட கணக்கு. அதே பெயரில் விற்கப்படும் மிக உயர்ந்த தரத்தில் அலுமினியம் 7 அளவுக்கும், சோடியமும் பொற்றாசியமும் இலிதியமும் 0.02 முதல் 0.04 வரையான அளவுக்கும் இறக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தரத்தில் ஒரு தொன் மணலுக்குள் இருக்கும் சோடியத்தை எல்லாம் திரட்டினாலும் ஒரு நெல்மணியின் எடைக்குச் சற்றே மேல்தான் வரும்.

இவ்வளவு கடுமை எதற்காக என்று விளங்கினால்தான் சந்தையும் விளங்கும். கணினிச் சில்லும் சூரியக்கலமும் இந்த உயர்தூய குவாட்ஸிலிருந்தே செய்யப்படுகின்றன என்பது பரவலான தவறான எண்ணம். உங்கள் கொள்வனவாளரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். சில்லுக்கான சிலிக்கன் சாதாரணக் குவாட்ஸ் கல்லிலிருந்தே தொடங்குகிறது. 98, 99 வீதத்துக்கு மேல் சிலிக்கன் ஈரொட்சைட்டு உள்ள முண்டுக்கல்லைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் உருக்கி உலோகத்தர சிலிக்கன் எடுக்கிறார்கள். பின்னர் அதை ஐதரசன் குளோரைட்டோடு தாக்கமுறச் செய்து வாயுவாக்கி, வடித்துத் தூய்மையாக்கி, மீண்டும் திண்மமாகப் படியவைக்கிறார்கள். தூய்மை அங்கே இரசாயன முறையால் கிடைக்கிறது, கல்லால் அல்ல. உயர்தூய குவாட்ஸ் நுழைவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். நகைப்பட்டறையில் தங்கத்தை உருக்கும் மூசையைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல் அந்தத் தூய சிலிக்கனை உருக்கி, ஒரே பளிங்காக மெல்ல மேலே இழுத்தெடுப்பதற்கும் ஒரு மூசை வேண்டும். சிலிக்கன் 1,414 பாகை செல்சியஸில் உருகும். அந்த வெப்பத்தில் பல மணித்தியாலங்கள், சூரியத் தொழிலில் பல நாட்கள் என்று கூடச் சொல்லலாம், உருகிய சிலிக்கனைத் தாங்கி நிற்கும் பாத்திரத்தை உயர்தூய குவாட்ஸ் மணலை உருக்கித்தான் வார்க்கிறார்கள். மூசையைத் தவிர, சில்லுத் தொழிற்சாலைகளின் உலைக்குழாய்கள், தட்டுத் தாங்கிகள், ஒளியிழை உற்பத்திக்கான குழாய்கள், உயர்வெப்ப விளக்குகளின் உறைகள் முதலியவற்றுக்கும் இதே மணல் தேவைப்படுகிறது.

மூசை உருகிய சிலிக்கனோடு தொட்டுக்கொண்டே இருப்பதால் அதன் உட்சுவர் மெல்ல மெல்லக் கரைந்து உருகலுக்குள் போகிறது. சுவரில் இருக்கும் எதுவும் சிலிக்கனுக்குள் போகும். இந்த ஒரு காரணத்திலிருந்தே ஒவ்வொரு மூலகத்துக்கும் உரிய வரம்பு பிறக்கிறது. போரனும் பொசுபரசும் சிலிக்கனின் மின்கடத்தும் இயல்பையே மாற்றக்கூடியவை. குறைகடத்தித் தொழிலில் அவற்றை வேண்டுமென்றே, அளந்து சேர்க்கிறார்கள், ஆகவே அளக்காமல் வந்து சேரும் போரன் முழுக் கணக்கையும் குழப்பிவிடும். இரும்பு, செம்பு, நிக்கல், குரோமியம் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே சூரியக்கலத்தின் திறனைத் தின்றுவிடும். சோடியம், பொற்றாசியம், இலிதியம் ஆகிய கார உலோகங்கள் செய்யும் கெடுதி வேறு வகையானது. அவை உருகிய சிலிக்காவின் பாகுநிலையைத் தளர்த்திவிடுவதால் மூசை அந்தக் கடும் வெப்பத்தில் தொய்ந்து சரியும். அத்துடன் கண்ணாடியாக இருக்கவேண்டிய சுவர் கிறிஸ்டோபலைட் என்ற பளிங்காக மாறி உதிரவும் அவை தூண்டுகோலாகின்றன. அலுமினியத்துக்கு மட்டும் வரம்பு தாராளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அலுமினியம் நேரடியாகப் பெரிய கெடுதி செய்வதில்லை. ஆனால் அது இருக்கும் இடத்தில் இலிதியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், ஒரு கல்லைப் பதப்படுத்த முடியுமா என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். எனக்கு ஓர் ஆய்வு அறிக்கையைத் தந்தால் என் கண் முதலில் போவது அலுமினியத்துக்கும் தைத்தேனியத்துக்கும்தான்.

ஏனென்றால், மாசு எவ்வளவு இருக்கிறது என்பதோடு கல்லுக்குள் எங்கே இருக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. மாசு மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும். குவாட்ஸ் மணிகளுக்கு இடையிலும் உள்ளேயும் வேறு கனியங்களாக, அதாவது பெல்ட்ஸ்பார், மைக்கா, ரூட்டைல், இரும்பு ஒட்சைட்டு போன்றவையாக இருக்கும் மாசில் பெரும்பகுதியை அரைத்து, காந்தத்தால் இழுத்து, நுரைமிதப்பு முறையில் பிரித்து, அமிலத்தில் ஊறவைத்து அகற்றலாம். இரண்டாவது, கல் உருவான காலத்தில் சிறைப்பட்ட உப்புநீர்த் துளிகளும் வாயுக் குமிழிகளும். மூன்றாவதுதான் கைக்கு எட்டாதது: குவாட்ஸின் பளிங்குச் சாலகத்திலேயே, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட கட்டமைப்பிலேயே, சிலிக்கன் அணு இருக்கவேண்டிய இடத்தில் அலுமினியமோ தைத்தேனியமோ அமர்ந்துவிடும். அலுமினியத்துக்கு ஒரு மின்னேற்றம் குறைவு என்பதால், அதை ஈடுசெய்ய இலிதியமோ சோடியமோ ஐதரசனோ பக்கத்தில் வந்து உட்காரும். சாலகத்துக்குள் அமர்ந்த அலுமினியத்தையும் தைத்தேனியத்தையும் எந்த அமிலமும் வெளியே கொண்டுவராது. ஆகவே சாலகத்தில் தைத்தேனியம் 40 பிபிஎம் உள்ள ஒரு கல்லை, எத்தனை கோடி செலவிட்டாலும் உயர்தூய குவாட்ஸாக மாற்ற முடியாது. பார்வைக்கு மைக்காவும் பெல்ட்ஸ்பாரும் கலந்து அழுக்காகத் தெரியும் வேறொரு கல், சாலகம் சுத்தமாக இருந்தால், உலகின் விலையுயர்ந்த மணலாக மாறலாம்.

இங்கேதான் வெள்ளை நிறம் பற்றி ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். ஊரில் எல்லோரும் ‘பால்போல வெள்ளை, அழுக்கே இல்லை’ என்று மகிழ்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தூய குவாட்ஸுக்கு நிறமே இல்லை. அது பால்போல வெளுத்துத் தெரிவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நீர்த்துளிகளும் வாயுக்குமிழிகளும் உள்ளே சிதறி ஒளியைத் தெறிக்கச் செய்வதுதான். அந்தத் துளிகளில் கரைந்திருப்பது உப்பு. உப்பு என்றால் சோடியமும் பொற்றாசியமும். மணலை உருக்கும்போது அந்த நீர் ஆவியாகி, மூசைச் சுவருக்குள் குமிழிகளாக நிற்கும். குமிழி உள்ள உட்சுவர் எவருக்கும் பயன்படாது. ஆகவே உங்கள் காணியில் மிக வெள்ளையாக இருக்கும் முண்டைவிட, சற்றுச் சாம்பல் படிந்து கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் முண்டு இந்தத் தேவைக்கு நல்லதாக இருக்கக்கூடும். ஒளி ஊடுருவினாலும் உறுதி சொல்லமுடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். புகைநிறக் குவாட்ஸின் நிறமே சாலகத்துக்குள் இருக்கும் அலுமினியத்தால் வருவது.

உலகச் சந்தையின் பெரும்பங்கு ஒரு சிறிய ஊரிலிருந்து வருவது இதனால்தான். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மலைப்பகுதியிலுள்ள ஸ்புரூஸ் பைன் என்ற ஊரில், ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் மெதுவாக உறைந்த பெக்மடைட்டு வகைப் பாறை, அதாவது பெரிய மணிகள் கொண்ட பாறை, கிடக்கிறது. அங்கு வெட்டியெடுக்கும் பாறையில் குவாட்ஸ் ஏறத்தாழ கால்பங்குதான். மீதி பெல்ட்ஸ்பாரும் மைக்காவும். நம்மவர் எவரும் அந்தக் கல்லைப் பார்த்து ‘சுத்தமான கல்’ என்று சொல்லமாட்டார்கள். ஆனால் மணி பெரிது, சாலகம் சுத்தம், நீர்த்துளி குறைவு, சேர்ந்திருக்கும் கனியங்கள் எளிதாகப் பிரிகின்றன. அங்கே எடுப்பவை இரண்டு நிறுவனங்கள்: ஒன்று பெல்ஜியத்தைச் சேர்ந்த சிபெல்கோ, மற்றது இமெரிஸ் நிறுவனமும் ஒரு நோர்வே நிறுவனமும் சேர்ந்து நடத்தும் குவாட்ஸ் கோர்ப். பின்னது தன் மணலைக் கப்பலேற்றி நோர்வேயின் வடக்கிலுள்ள டிராக் என்ற இடத்தில்தான் இறுதியாகத் தூய்மையாக்குகிறது. கல்லின் விலையைவிடத் தூய்மையாக்கலின் விலை எவ்வளவு பெரிது என்பதற்கு அந்தக் கடற்பயணமே சாட்சி.

அந்தத் தூய்மையாக்கல் எப்படி நடக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லை உடைத்துக் கழுவி, நிறம் பார்த்துப் பிரித்து, பல நிலையங்களில் 900 பாகை அளவில் சுட்டு நீரில் போடுவார்கள். 573 பாகையில் குவாட்ஸின் உள்ளமைப்பு திடீரென மாறுவதால் மணிகள் வெடித்து, உள்ளிருக்கும் துளிகள் வெளித்திறக்கும். பிறகு கால் மில்லிமீற்றர் அளவு மணலாக அரைத்து, காந்தமும் நுரைமிதப்பும் கடந்து, ஐதரோபுளோரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் கொண்டு கழுவி, கடைசியில் 1,000 பாகைக்கு மேலான வெப்பத்தில் குளோரின் அல்லது ஐதரசன் குளோரைட்டு வாயுவைச் செலுத்துவார்கள். கார உலோகங்களும் இரும்பும் குளோரைட்டாக ஆவியாகிப் போய்விடும். அரைக்கும் இயந்திரத்தின் உருக்குத் தேய்ந்து சேர்க்கும் இரும்பே ஒரு தொகுதியைக் கெடுத்துவிடப் போதும் என்பதால் ஒவ்வொரு படியிலும் அவர்கள் அஞ்சி அஞ்சித்தான் வேலைசெய்கிறார்கள்.

சந்தை சிறியது, ஆனால் விலை உயர்ந்தது; அதைவிட முக்கியமாக, மூடியது. போத்தல் கண்ணாடிக்கான மணல் உலகச் சந்தையில் தொன்னுக்குச் சில பத்து டொலர் என்ற அளவில் போகும்போது, உயர்தூய மணல் ஆயிரக்கணக்கான டொலர் பெறுகிறது. மூசையின் உட்படைக்கு, அதாவது உட்சுவரின் அடுக்குக்கு, உரியது அதற்கும் மேலே. ஆனால் இந்த விலைகள் எந்தப் பங்குச்சந்தையிலும் பட்டியலிடப்படுவதில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான நீண்டகால ஒப்பந்தத்துக்குள் அவை இருக்கும். ஒரு மூசை உற்பத்தியாளர் புதிய மணலை ஏற்க வேண்டுமானால், மாதிரி வாங்கி, சோதனை மூசை வார்த்து, அந்த மூசையைப் பளிங்கு இழுப்பவரிடம் கொடுத்து, இழுத்த பளிங்கையும் சோதித்து, தொகுதிக்குத் தொகுதி மாறாமல் அதே தரம் வருகிறதா என்று பார்த்து முடிக்க ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். அவர்கள் மணலை மலிவாக வாங்குவதில் அக்கறை காட்டமாட்டார்கள்; ஒரு மூசை நடுவழியில் தொய்ந்தால் அதிலுள்ள சிலிக்கன் முழுவதும், உலையின் பல நாள் உழைப்பும் வீணாகும் என்பதே அவர்களின் அச்சம்.

அண்மைய ஆண்டுகளின் ஏற்றஇறக்கத்தையும் அறிந்திருப்பது நல்லது, ஏனென்றால் உங்களிடம் வருபவர்கள் ஏற்றத்தை மட்டுமே சொல்வார்கள். சீனாவின் சூரியப் பலகை உற்பத்தி வேகமாக விரிந்த 2022, 2023 ஆண்டுகளில் மூசையின் உட்படை மணலுக்குத் தட்டுப்பாடு வந்து, விலை பலமடங்கு ஏறியது. சீனாவிலேயே ஜியாங்சு மாகாணத்து டோங்ஹாய் வட்டாரம் நீண்டகாலமாகக் குவாட்ஸ் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள உற்பத்தியாளர்கள் திறனைப் பெருக்கினார்கள். 2024இல் சூரியப் பலகை உற்பத்தி தேவையை மிஞ்சியதும் மணலின் விலையும் சரிந்தது. அதே ஆண்டு செப்டெம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளி ஸ்புரூஸ் பைனை வெள்ளத்தில் மூழ்கடித்து இரு நிறுவனங்களும் வேலையை நிறுத்தியபோது உலகமே அந்த ஊரின் பெயரைக் கேட்டது. ஒக்டோபரிலேயே உற்பத்தி மீளத் தொடங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் சீனா உயர்தூய குவாட்ஸ் தாதுவைத் தன் 174ஆவது கனியமாகத் தனியே அறிவித்தது. ரசியாவின் கிஷ்டிம் பகுதியிலும் நீண்டகாலமாக உற்பத்தி உண்டு. குறைகடத்தித் தொழிலின் மிக நுண்ணிய தேவைகளுக்கு இயற்கை மணலை விட்டு, சிலிக்கன் நாற்குளோரைட்டு முதலியவற்றிலிருந்து செயற்கையாகச் செய்த சிலிக்காவையும் பயன்படுத்துகிறார்கள். விலை ஏறும் ஒவ்வொரு முறையும் அந்தச் செயற்கைப் பொருள் இன்னும் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது என் கணிப்பு.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இலங்கையின் பழைய உருமாறிய பாறைகளைப் பகுக்கும்போது, மேற்கும் வடமேற்குமாகக் கிடக்கும் பெரும்பகுதிக்கு நிலவியலாளர்கள் வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வவுனியா அதற்குள் வருகிறது. யாழ்ப்பாணத்திலும் மன்னார்க் கரையிலும் காணும் சுண்ணக்கல் அதற்குப் பல காலம் பின்னால் கடலில் படிந்தது. வன்னித் தொகுதியின் நைஸ், கருங்கல் பாறைகளுக்குள் குவாட்ஸ் நாளங்களும் (பாறைக்குள் ஓடும் குவாட்ஸ் பட்டைகள்) பெக்மடைட்டுக் கீற்றுகளும் இருப்பது இயல்பானதே. ஆகவே உங்கள் காணியில் வெள்ளைக்கல் இருப்பது அதிசயமில்லை. இந்தப் பாறைகள் மிக உயர்ந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் கண்டவை. அந்த வெப்பம் இருவிதமாகவும் வேலைசெய்திருக்கக்கூடும்: குவாட்ஸ் மறுபடி பளிங்காகும்போது நீர்த்துளிகள் வெளியேறியிருந்தால் நல்லது, ஆனால் வெப்பம் கூடக்கூடக் குவாட்ஸ் தன் சாலகத்துக்குள் தைத்தேனியத்தைக் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை, அது கெட்டது. உங்கள் நாளம் பாறை குளிர்ந்த பிறகு வெடிப்பில் வந்து நிரம்பியதா, அல்லது அந்த உயர் வெப்பத்தைத் தானும் கண்டதா என்பதில் உங்கள் கல்லின் தலைவிதி தங்கியிருக்கிறது. பார்த்துச் சொல்லக்கூடிய விடயமல்ல இது, அளந்தால் தெரியும்.

இலங்கையில் குவாட்ஸுக்குப் பெயர்பெற்ற நாளங்கள் கலஹா, ரத்தோட்டை, நாவுல போன்ற மலைநாட்டு, மாத்தளைப் பகுதிகளில் உள்ளன. வடக்கில் அம்பன், வல்லிபுரம் மணல், வடமேற்கில் நாத்தாண்டியா மணல் ஆகியவை சிலிக்கா மணலாக அறியப்பட்டவை, அவை கண்ணாடிக்குரியவை. முல்லைத்தீவுக் கரையிலும் புல்மோட்டையிலும் உள்ள கரும்மணலைச் சிலர் இந்தப் பேச்சோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் கொண்டது. தைத்தேனியத்துக்காக அதை விரும்புகிறார்கள். உயர்தூய குவாட்ஸுக்கோ அந்தத் தைத்தேனியமே பகை.

உங்கள் கல் உயர்தூயத் தரத்தைத் தொடாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். 99.6 வீதம் என்பது உலோகத்தர சிலிக்கனுக்கும், இரும்பும் சிலிக்கனும் கலந்த பெரோசிலிக்கனுக்கும் நல்ல எண். சூட்டில் நொறுங்காத முண்டாக இருந்தால் அந்த உலைகள் ஏற்கும். ஆனால் உள்நாட்டிலேயே சிலிக்கன் உலை அமைக்கலாம் என்ற பேச்சுக்கு நான் ஆதரவில்லை. ஒரு தொன் சிலிக்கனுக்குக் கணக்குப்படி 2.14 தொன் குவாட்ஸ் போதும், நடைமுறையில் அதற்கு மேல் வேண்டும். அதோடு 11 முதல் 13 மெகாவாட் மணி மின்சாரம் வேண்டும். இலங்கையின் மின்கட்டணத்தில் அது தாங்காது. தளக்கல் செய்வோர், வடிகட்டி மணல் செய்வோர், மட்பாண்டத் தொழிற்சாலைகள் ஆகியோரும் வாங்குவார்கள். சூரியப் பலகையின் மேற்கண்ணாடிக்கு மணலில் இரும்பு ஒட்சைட்டு 100 பிபிஎம் அளவிலேயே இருக்கவேண்டும் என்பதால் அதற்கு உங்கள் கல் பொருந்துமா என்பதை இரும்புக் கணக்கு தனியே சொல்லவேண்டும். இந்தச் சந்தைகளில் வண்டிக் கூலியே விலையைத் தீர்மானிக்கும்.

சோதனைக்கு வருவோம். உங்களுக்குக் காட்டப்பட்ட அறிக்கை பெரும்பாலும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் எடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கருவி இலிதியத்தையும் போரனையும் காணாது. சோடியத்தையும் சில பிபிஎம் அளவில் நம்பிக்கையாக அளக்காது. ஆகவே எந்தப் பணமும் பேசுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொல்லுங்கள். நீர்த்துளிகளும் வேற்றுக் கனியங்களும் எவ்வளவு என்று பயின்ற நிலவியலாளர் ஒரு மணித்தியாலத்தில் சொல்லிவிடுவார், செலவும் குறைவு. அது நம்பிக்கை தந்தால் மட்டும் இரண்டாவதாக, கல்லை அமிலத்தில் முழுதாகக் கரைத்து பிளாஸ்மா திணிவு நிறமாலைமானியில், அதாவது ஐசிபி-எம்எஸ் கருவியில், மேலே சொன்ன ஒன்பது மூலகங்களையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். வசதி இருந்தால் லேசர் கொண்டு தனி மணியின் உள்ளேயே சுரண்டி அளக்கும் முறை இன்னும் சிறந்தது. சாலகத்துக்குள் இருப்பதையும் வெளியே ஒட்டியிருப்பதையும் அதுதான் பிரித்துக்காட்டும். தைத்தேனியமும் அலுமினியமும் அங்கே வரம்பைத் தாண்டினால் உயர்தூயப் பேச்சை அன்றே நிறுத்திவிடலாம்.

மாதிரி எடுப்பதில் கவனம் தேவை. வெயிலும் மழையும் பட்ட மேற்கல்லை எடுக்கவேண்டாம். செம்மண்ணின் இரும்பு வெடிப்புகளுக்குள் ஊறியிருக்கும். நாளத்தின் நீளத்தில் பல இடங்களில், ஓரத்திலும் நடுவிலும், புதிதாக உடைந்த முகத்திலிருந்து எடுத்து, தனித்தனிப் பையிலிட்டு, இடத்தைக் குறித்துவையுங்கள். சுத்தியலால் அடித்த முகத்தைச் சோதனைக்கு அனுப்பாதீர்கள். நான் முன்பு வேலைசெய்த ஓர் இடத்தில் நல்ல கல் ஒன்றை இரும்பு உரலில் இடித்து அனுப்பிவிட்டார்கள். வந்த அறிக்கையில் இருந்தது உரலின் இரும்பு, ஆனால் அந்தக் காணிக்காரர் ஓர் ஆண்டு முழுவதும் தன் கல் கெட்டது என்றே நம்பியிருந்தார். மறுசோதனையில் உண்மை தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. கொள்வனவாளர் எடுத்த மாதிரியை வைத்து முடிவுசெய்யாமல் நீங்களே எடுத்து அனுப்பச் சொல்வதும் அதனால்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி நிலம் எவருடையதாக இருந்தாலும் கனியத்தின் உரிமை குடியரசைச் சேர்ந்தது. தேடுதல், அகழ்தல், வியாபாரம், ஏற்றிச்செல்லல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும்; ஏற்றுமதிக்கும் அனுமதி வேண்டும். உங்கள் காணி உறுதிக்காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதைப் பிரதேச செயலகத்தில் முதலில் தெளிவாக்குங்கள்; அனுமதிப்பத்திரம் பயிர்ச்செய்கைக்கும் குடியிருப்புக்கும் தரப்பட்டிருந்தால் அகழ்வுக்கு அது போதாது. பக்கத்துக் காடு வனத்திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும், மண் அகழும் பெக்கோ இயந்திரம் இறங்கவிருக்கும் இடம் கண்ணிவெடி அகற்றிய பகுதிதானா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இவற்றைச் செய்யாமல் முதல் வண்டி புறப்பட்டால், வழக்கு காணிக்காரர் பெயரில்தான் வரும்.

யாராவது ‘இங்கேயே அமிலத்தில் கழுவி அனுப்பலாம்’ என்று ஆசை காட்டினால் தயவுசெய்து இடங்கொடுக்காதீர்கள். ஐதரோபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் ஆரம்பத்தில் வலிகூடத் தெரியாமல் உள்ளே ஊடுருவி, உடம்பின் கல்சியத்தைப் பிடித்து இதயத்தையே நிறுத்தக்கூடியது. கல்சியம் குளுக்கோனேற்று களிம்பும் பயின்ற மருத்துவரும் பக்கத்தில் இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது. அதன் கழிவு புளோரைட்டு. வவுனியாக் கிணறுகளில் ஏற்கனவே புளோரைட்டு கூடிப் பிள்ளைகளின் பற்கள் கறைபடிவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். சிறுநீரக நோயோடு வாழும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. அந்த நிலத்தடி நீரில் இன்னும் ஒரு துளி சேர்வதை எந்த விலையும் ஈடுசெய்யாது. கல் உடைப்பதும் ஆபத்தற்ற வேலையல்ல. குவாட்ஸ் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவரின் நுரையீரல் தழும்பேறிப்போகும்; அதற்கு மருந்தில்லை. 1997இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அந்தத் தூசியைப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதற்பிரிவில் சேர்த்துவிட்டது. உடைக்கும் இடத்தில் நீர் தெளிக்காமலும் தகுந்த முகக்கவசம் இல்லாமலும் ஊர்ப் பெடியன்களை வேலைக்கு விடவேண்டாம்.

விலை நியாயமா என்ற கேள்விக்குச் சோதனை வரும்வரை எவராலும் நேர்மையாகப் பதில் சொல்லமுடியாது. உழவு இயந்திரப் பெட்டிக் கணக்கில் பேசுவதே உங்களுக்குப் பாதகம். தொன் கணக்கில், நிறுத்து, தரத்தோடு இணைத்துப் பேசவேண்டும். பத்தாண்டு ஒப்பந்தத்தில் இப்போது கையொப்பமிடாதீர்கள். கொள்வனவாளர் உண்மையாகவே நம்பிக்கை கொண்டிருந்தால், ஆறு மாதத்துக்கு மட்டும் ஒரு தேடுதல் உடன்பாடு எழுதலாம். உரிமம் எடுப்பதும் ஐசிபி-எம்எஸ் சோதனையும் அவர் செலவு, அறிக்கையின் மூலப்பிரதி ஆய்வுகூடத்திலிருந்து நேரே உங்கள் முகவரிக்கு வரவேண்டும், அதுவரை ஒரு கல்லும் காணியை விட்டு வெளியேறக்கூடாது என்ற மூன்று நிபந்தனைகளும் அதில் இருக்கட்டும். அறிக்கை வந்ததும் அலுமினியம், தைத்தேனியம், இலிதியம் ஆகிய மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். அவற்றைப் பார்த்து அடுத்த படியைச் சொல்கிறேன்.